பெரியப்பா வாங்கிய இஞ்சின்

பெரியப்பாவைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, படத்துக்கு மாலையும் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்த இஞ்சினை நினைத்தால் வயிறு எரிகிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் சாலை மறியலில் இறங்கிய வருஷம் அது. எனக்குப் பத்து வயது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா முதல் நாளே மறியலுக்குப் போனார். போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஜெயில் என்பதே நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாலாம் நாள் பார்த்து எங்கள் கிணற்று ஆயில் இஞ்சின் டங்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. உள்ளே கிராங்க் உடைந்துவிட்டது, இனி தேறாது, வேறு இஞ்சின்தான் வைக்க வேண்டும் என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கூடும், கலைந்துவிடும். இன்னும் மூன்று மாதத்தில் வெட்ட வேண்டிய கரும்பு தோகை சுருண்டு நின்றது. அது காய்ந்தால் அந்த வருஷத்துக்கு எங்களுக்கு வேறு கதி கிடையாது.

அந்த இஞ்சினை அம்மாவைப் போல அறிந்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. அப்பாவுக்குக் கூட்டம், ஊர்வலம் என்று அலையவே நேரம் சரியாக இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்புவது, பெல்ட் மாட்டுவது, டீசல் ஊற்றுவது எல்லாம் அம்மாதான். அதனால் புதிதாக வருவது எப்படி இருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இஞ்சினில் சக்கரம் மாட்டுகிற தண்டைச் சுற்றி நூலைப் பிடித்து, அளவுக்கு முடிச்சுப் போட்டாள். மேலே இருந்த பித்தளைத் தகட்டில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னாள். நான் நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். அஞ்சு குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு அறுநூற்றைம்பது சுற்று. நிதானமாக ஓடுகிற இஞ்சின் என்பதால்தான் அதில் பெரிய சக்கரமும் பம்பில் சின்னச் சக்கரமும் மாட்டியிருந்தது. வேகமாக ஓடுகிற ஒன்றைக் கொண்டுவந்து அதே சக்கரத்தை மாட்டினால் பம்பு தாங்காது. அம்மா ஒரு தடவை சொன்னதும் பத்து வயதுப் பெண் எனக்கே இது புரிந்தது.

அப்பா இல்லாத வீட்டுக்கு இஞ்சின் வாங்கப் போக வேண்டியவர் அவருடைய அண்ணன்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அம்மா நூலையும் தாளையும் அவரிடம் நீட்டினாள்.

"இதே சுத்துக்கு ஓடறதா பாத்து வாங்கிக்கினு வாங்க மாமா," என்றாள்.

"இஞ்சின் வாங்க எனக்கு நீ பாடம் எடுக்கறியா?" என்றார் பெரியப்பா. கையை நீட்டக்கூட இல்லை.

அவருடைய கவலை வேறு. அந்த நாட்களில் எங்கள் ஊர் ஆண்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: இனி எதை வாங்கினாலும் நம் ஜனத்துக் கடையில்தான் வாங்குவது. உப்பு புளிக்கு அது சரி, நானே ஒத்துக்கொள்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஜனத்தில் இஞ்சின் கடை வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவரிடம் இருந்ததும் ஒரே தினுசு, ஆயிரத்தைந்நூறு சுற்று ஓடுகிற புது மாடல். சோடா வாங்கிக் கொடுத்து, ஜெயிலுக்குப் போன மனுஷன் குடும்பமாயிற்றே என்று உருகி, அதைப் பெரியப்பா தலையில் கட்டிவிட்டார். நாலு கடை தள்ளி வேறு ஜனத்தார் கடையில் எங்கள் பழைய இஞ்சினின் கூடப்பிறந்தது போல ஒன்று இருந்ததாக மெக்கானிக் பிறகு சொன்னார். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மாலை போட்டு வண்டியில் வந்து இறங்கியது இஞ்சின். அதன் தண்டு ஒல்லி. பழைய சக்கரம் அதில் லொடலொடவென்று ஆடியது. மெக்கானிக் இடுக்கில் தகரம் வெட்டிச் செருகினார். கிளப்பியதும் பம்பு கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது, பெல்ட் அறுந்து வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டாவது பெல்ட்டும் போயிற்று, பம்பின் பேரிங்கும் போயிற்று. தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை.

"பொம்பள குறுக்க பூந்து பேசினா எது உருப்படும்?" என்றார் பெரியப்பா. சொன்னதோடு வெள்ளிமலையில் ஏதோ ஜோலி என்று கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா ஆட்களைப் பிடித்து அந்த இஞ்சினை எங்கள் மாட்டு வண்டியில் ஏற்றினாள். நானும் ஏறிக்கொண்டேன். சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டுப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கடைக்கு என்று கேட்டார்கள். அம்மா மறைக்காமல் சொன்னாள். அவர்கள் முகம் மாறியது. நம்ம ஆள் கடையை விட்டுவிட்டு அங்கே ஏன் என்று ஒருவன் எழுந்து வந்தான்.

"யார் கடை இஞ்சின்னு பாத்துக்கினா கரும்பு தண்ணி குடிக்குது?" என்றாள் அம்மா.

அவன் வண்டியில் கிடந்த இஞ்சினை எட்டிப் பார்த்தான். பிறகு ஏரிக்கரை மேலாக வண்டி போக வழி காட்டினான்.

வீட்டில் ஆம்பிளைகள் யாரும் வரவில்லையா என்றுதான் அந்தக் கடைக்காரரும் முதலில் கேட்டார். அம்மா நூலை எடுத்து அங்கே இருந்த பழைய மாடல் இஞ்சினின் தண்டைச் சுற்றினாள். முடிச்சோடு முடிச்சு சேர்ந்தது. தாளை நான் படித்தேன், அவர் தகட்டைப் பார்த்துத் தலையாட்டினார். புதியதைக் கொடுத்துப் பழையதை எடுத்துக்கொண்டோம். லாபம் அவருக்குத்தான், அது அம்மாவுக்கும் தெரியும். அதற்கு ஈடாகப் பெல்ட்டையும் பேரிங்கையும் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கிழக்கு மூலை ஒன்றுதான் காய்ந்தது.

அப்பா விடுதலையாகி வந்த அன்று கோழி அடித்தோம். பெரியப்பாவும் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முதல் இஞ்சின் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் தானே ஓடியாடி மாற்றியதாகவும், இல்லாவிட்டால் கரும்பு அடுப்புக்குத்தான் போயிருக்கும் என்றும் கதை அளந்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா, மாமாதான் அலைஞ்சாரு," என்றாள் அம்மா.

பொய், எல்லாம் அம்மாதான் செய்தாள், பெரியப்பா மலைக்கு ஓடிப்போய்விட்டார் என்று கத்தினேன். அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை.

பாகம் வாய்ப்பேச்சில்தான் பிரிந்திருந்தது, அந்தக் கிணறும் கரும்பு நின்ற நிலமும் பட்டாவில் பெரியப்பா பேரிலேயே இருந்தன, அவர் முறைத்துக்கொண்டால் நாங்கள் நடுத்தெருவில்தான் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு நான் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கன்னம் எரிந்தது மட்டும்தான். என்னை அடித்த கையோடு அம்மா அடுப்படிக்குப் போனாள். கோழி அடித்தால் ஈரல் எனக்குத்தான், எப்போதும் தனியாக எடுத்து வைப்பாள். அதைக் கொண்டுவந்து பெரியப்பா தட்டில் போட்டாள்.