சோடிக்கு ஐம்பது ரூபா

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு வருடம் முந்தி, நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வாய்க்கு மட்டும் நாற்பது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

என் அக்கா புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தாள். அத்தான் உயிரோடிருந்த காலத்தில் இரண்டு பேருமாக இராமேசுவரம் போகவென்று ஒரு பிஸ்கட் டின்னில் காசு சேர்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு யாத்திரை ஏஜண்டு இருந்தார். கோட்டையில் ரயில் ஏறுவதிலிருந்து தலைமன்னார்க் கப்பல், சத்திரம், சாப்பாடு எல்லாம் அடங்கலாகப் புருஷன் பெண்சாதி சோடிக்கு ஐம்பது ரூபா வாங்குவார். டின்னில் ஐம்பது சேர்ந்த மாதம் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார்.

அக்கா அதற்குப் பிறகு அந்த டின்னைத் தொடவில்லை. அத்தானை நினைத்து கோவிலின் இருபத்திரண்டு தீர்த்தக் கிணற்றிலும் ஒருமுறை முழுகிவிட வேண்டும் என்று எப்போதாவது சொல்லுவாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதை நான் காணவில்லை. "நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் டின்னை எடுத்து என் கையில் தந்தாள்.

ரயிலில் கோட்டைக்குப் போய், புறக்கோட்டைச் சனத்துக்குள் இடிபட்டு நடந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தால், அந்த மனிதர் நிமிர்ந்தும் பார்க்காமல் கையை விரித்தார்.

"சோடின்னா புருஷன் பொண்டாட்டிதாம்மா. தனி ஆளுக்கு முப்பத்தஞ்சு. நீங்க ரெண்டு பேரு, எழுபது."

எழுபதுக்கு நான் எங்கே போவேன்? மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டம். திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவர் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, சோடியெண்டு ரயிலிலை குறைச்சு வாங்கிறாங்களோ?"

"இல்லம்மா."

"கப்பலிலை?"

"இல்ல."

"சத்திரத்திலை சோடிக்கு ஒரு அறை. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு அறை காணாதோ? அப்ப அந்த இருபது ரூபா எங்கை போகுது, சொல்லுங்கோ பாப்பம்."

மனிதர் தலையைச் சொறிந்தார். என்னைக் கிளப்பினால் போதும் என்று ஆகிவிட்டது போலும், உண்மையைக் கக்கினார்.

"சமையல்காரனைக் கூட்டிட்டுப் போனா கட்டுப்படியாகாதும்மா. சோடியா வர்ற பொம்பளைங்க கூடி ஆக்கிடுவாங்க. அந்தச் செலவு மிச்சம், அதான் குறைக்கிறோம். தனியா வர்ற ஆம்பளைக்கு யாரு ஆக்குறது?"

அட, இதுதானா சங்கதி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்கள் ரெண்டு பேரும் பொம்பிளையள்தானே ஐயா? ஒரு சோடியோடை உங்களுக்கு ஒரு சமையல்காரி. எங்களோடை ரெண்டு! நியாயத்துக்கு ஐம்பதிலும் குறையவேணும்."

அவர் பேனாவை எடுத்தார். ஐம்பதுக்கே ரசீதுத் துண்டு எழுதினார். வழி நெடுக என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன். எப்படிக் குறைத்தேன் என்று அக்காவிடம் மூச்சு விடவில்லை.

எட்டுச் சோடிகளும் நாங்களுமாகப் புறப்பட்டோம். கப்பலில் அக்கா கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இராமேசுவரத்தில் மறுநாள் காலைதான் தீர்த்தமாட நேரம். பதினொரு மணிக்குத் திரும்புகிற வண்டி. விடிந்ததும் ஏஜண்டு சத்திரத்து முற்றத்தில் நின்று அறிவித்தார். ஆண்கள் எல்லோரும் தீர்த்தமாடப் போகலாம், பெண்கள் சமையலை முடித்துவிட்டு ஓடிப்போய்ச் சாமியை மட்டும் கும்பிட்டு வரலாம்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா அரிவாள்மனைக்கு முன்னால் குந்தி, பதினெட்டுப் பேருக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாற்றுச் சேலை மடித்தபடி பக்கத்தில் இருந்தது.

முதலில் எனக்குக் கோபம் அந்த மனிதர் மீதுதான். அடுத்த நிமிடம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரையாவது விடலாம், அது அவருடைய வியாபாரம். அக்காவின் கையை ஒரு வார்த்தை கேட்காமல் விலை பேசியவள் நான் அல்லவா?

"அக்கா, எழும்பு. போய் முழுகு."

"அப்ப சமையல்?"

"அது என்ரை பொறுப்பு. நீ போ எண்டால் போ!"

பிறகு அடுப்படியில் நின்ற மற்ற எட்டுப் பேரிடமும் சோடி விலையின் கதையைப் போட்டுடைத்தேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொள்ளுப்பிட்டிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி அகப்பையைத் தொப்பென்று போட்டார். "அட பாவி மனுசா! சலுகை எண்டெல்லோ எங்கடை இவர் சொன்னவர்!"

பாதிப்பேர் முழுகப் போவது, பாதிப்பேர் அடுப்பில் நிற்பது, பிறகு மாறுவது என்று முடிவாயிற்று. ஏஜண்டு பதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, பேசினது பேசினதுதானே?"

"ஓம். சமைப்பம் எண்டு சொன்னனான். தீர்த்தம் ஆடமாட்டம் எண்டு சொல்லேல்லை. சோறும் பருப்பும் மட்டும்தான் இண்டைக்கு."

பூசணிக்காய் நறுக்கியது நறுக்கியபடி கிடந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. நேரே வந்து என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினாள்.

"நீ போ."

"நேரம் காணாது அக்கா. நீ முழுகினது போதும்."

"அத்தான் அந்த டின்னிலை ரெண்டு பேருக்கெல்லோடி காசு போட்டவர். ஓடு!"

ஓடினேன். ஏழு கிணற்றுக்குத்தான் நேரம் கிடைத்தது. வண்டியில் ஏறியபோது இரண்டு பேருடைய சேலையும் ஈரம்.

இன்றும் யாராவது எனக்குச் சலுகை என்று சொன்னால், யார் அடுப்பில் நிற்கப் போகிறார்கள் என்று கேட்காமல் நான் தலையாட்டுவதில்லை. பேரம் பேசப் போகுமுன் யாருடைய கையை நம்பிப் பேசுகிறேனோ, அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.