நோட்டீசில் வந்த பேர்

ஐம்பத்து நாலில் பாறசாலைப் பக்கம் பாலையனைத் தெரியாத ஆள் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு மில்லின் டீமுக்குச் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடினான். டீமில் பதினோரு பேர்; பேப்பரில் படம் வருவது பாலையனுக்கு மட்டும். கோல் காக்கும் கோலி பொன்னுதாஸும் அதே ஊர்தான். எத்தனை பந்தைத் தடுத்தாலும் சந்தையில் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலையன் டீக்கடைக்குள் நுழைந்தால் ஆட்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வருஷம்தான் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளை மதராசோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டம் முற்றியது. பொன்னுதாஸ் ஊர்வலங்களில் முன்னால் நடந்து, தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டான். பாலையன் எதற்கும் போகவில்லை. அவன் மனைவி ஓமனா பெருங்கடவிளையில் மலையாளம் பேசும் வீட்டுப் பெண்.

ஒரு வியாழக்கிழமை பொன்னுதாஸ் ஓடிவந்தான்.

"எலே மக்கா, கூட்டத்து நோட்டீசு பாத்தியா? பேசுற ஆளுவள்ல ஒன் பேருதான் பெருசா கெடக்கு."

"நான் ஆருகிட்டயும் வாறேன்னு சொல்லல்லியே!"

"ஒன் பேரு கண்டாத்தான் ஆளு கூடுமாம்."

பாலையன் கூட்டம் நடத்துகிறவர்களைத் தேடிப் போனான். பேரை எடுக்கச் சொன்னான்.

"அச்சடிச்சாச்சு. இனி வரல்லேன்னா நீ பயந்துட்டேன்னு ஊரு சொல்லும், பாத்துக்க," என்றார் ஒருவர்.

அவன் போகவில்லை. ஊர் அப்படியேதான் சொன்னது. டீக்கடையில் அதன்பிறகு யாரும் எழவில்லை.

திங்கட்கிழமை மில் மானேஜர் அதே நோட்டீசை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"நான் போகல்ல சாறே. பொன்னுதாஸ்கிட்ட கேட்டுப் பாருங்க."

சொன்ன பிறகுதான் நண்பனை மாட்டிவிட்டோமோ என்று பதறினான். மானேஜர் நிமிர்ந்து, எந்தப் பொன்னுதாஸ் என்று மலையாளத்தில் கேட்டார். சொந்த டீமின் கோலி பேர் அவருக்குத் தெரியவில்லை. பாலையன் வாயை மூடிக்கொண்டான். நீ போயிருக்க மாட்டாய், நம்புகிறேன், என்றார் அவர். ஆனால் உன் முகம் எல்லோருக்கும் தெரியும். உன்னை இறக்கினால் இங்குள்ளவர்கள் மைதானத்தில் கல் எறிவார்கள். அன்றோடு வேலை போயிற்று.

பொன்னுதாஸ் வீட்டுக்கு வந்து அழுதான். "ஊர்வலம் போனது நானாக்கும். நான் போயி உள்ளத சொல்லுதேன்."

"சொன்னா ஒன் சோலியும் போவும். சும்மா கெட."

ஐம்பத்தாறில் எல்லை போட்டபோது தெற்கே நாலு தாலுகா மதராசுக்குப் போயின. பாறசாலை கேரளத்திலேயே நின்றது. பொன்னுதாஸ் இன்னும் ஏழு வருஷம் அந்த டீமில் கோல் காத்தான். பாலையன் பாலராமபுரத்தில் நூல் மூட்டை சுமந்தான். ஆட்டத்தை ஏன் விட்டீர்கள் என்று வழியில் நிறுத்திக் கேட்பவர்களிடம் முழங்கால் முட்டில் அடி என்று சொல்வான்.

"முட்டுக்கு ஒண்ணும் இல்லியே, ஏன் பொய் சொல்லுதீங்க?" என்று ஒருநாள் ஓமனா கேட்டாள்.

"பின்ன என்னத்தச் சொல்ல?" என்றான்.