ஊறாத தோசை

“நீ படிச்சு ஆபீசுக்குப் போனாலும், பார்சலுக்கு இங்கதான் வந்து நிக்கணும், கேட்டியா மக்ளே?”

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், ஆரியசாலைத் தெருவோரத் தட்டுக்கடை தங்கையன் மாமன் இப்படிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

இன்று ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்றே வந்த கால் கடுக்க, அதே கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ரசவடையின் வாசனை அப்படியே இருக்கிறது.

அம்மா பக்கத்து மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளினாள். அப்போது இந்த பெஞ்சில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள்தான் உட்கார்ந்து தின்பார்கள். பெண்கள் பார்சல் வாங்கிப் போவார்கள். வீடு சேர்வதற்குள் தோசை சம்மந்திச் சட்னியில் ஊறிவிடும். தோசை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அம்மாவின் விரலில் மிளகாய்க் காந்தல் போகாது. நான்தான் பிய்த்து ஊட்டுவேன்.

“கல்லுலேர்ந்து எடுத்த சூட்டோட ஒண்ணு தின்னணும் மக்ளே,” என்பாள்.

இப்போதும் மண்டியிலிருந்துதான் வருகிறாள். பெஞ்சில் என்னைப் பார்த்ததும், சோர்ந்த முகத்தோடு விளக்குக் கம்பத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

“ரெண்டு பார்சல்தானே?” என்றார் மாமன்.

“இல்ல மாமா. ரெண்டு பேருக்கும் இங்கதான்.”

“அம்மையா? நாலாள் முன்னாடி இருந்து தின்னுவாளா?”

அதற்குள் நான் எழுந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் தோசையின் ஓரத்தைப் பிய்த்தேன். விரல் சுட்டது.