ஆப்சென்ட் வேறு, அப்ஸ்காண்டிங் வேறு

போன செவ்வாய்க்கிழமை காலை. சங்கரன்கோவிலில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் கதவை இசக்கியம்மாள் தட்டினாள். பக்கத்து வீடு. விசைத்தறி ஓட்டுகிறவள். புருஷன் முருகன் துபாயில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான்.

முருகனின் அறைத்தோழன் மாரி, கம்பெனி மெசேஜ் ஒன்றை அவளுக்கு அனுப்பியிருந்தான். இங்கிலீஷ். இன்று மாலைக்குள் ஆபீசுக்கு வராவிட்டால் முருகன் மேல் ‘அப்ஸ்காண்டிங்’ கேஸ்.

“ஆப்சென்ட் போட்டுட்டாங்க போல அண்ணாச்சி. சம்பளத்துல புடிப்பாங்க, அவ்வளவுதான?”

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லா இங்கிலீஷும் தெரியும் என்று அவள் நினைப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். ஆப்சென்ட் தெரியும் — பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு நேரே அதுதான் அதிகம். இது? தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் கூட்டிப் போனேன். பல வருஷம் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“ஏம்மா, இது ஆப்சென்ட் இல்ல. ஓடிப்போயிட்டான்னு எழுதப் போறான். எழுதிட்டான்னா போலீஸ் தேடும். உள்ள வச்சு, பொறவு ஊருக்கு ஏத்தி விட்டுருவான்.”

இசக்கி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

முருகன் எங்கும் ஓடவில்லை. காய்ச்சல் என்று வேறொரு நண்பன் அறையில் போய்ப் படுத்திருந்தான். மாரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நம் ஊர் தறிக்கூடத்தில் அது போதும். தெருக்காரர் யாராவது, “அவனுக்கு மேலுக்கு முடியல” என்று போய்ச் சொன்னால் லீவு சொன்னதாகவே கணக்கு. மாரியும் உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லியிருக்கிறான். அந்தச் சேதி ஆபீஸ் வரை போகவில்லை.

நான் எத்தனையோ ஊரில் வேலையைப் பாதியில் விட்டுக் கிளம்பியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஈரோட்டில் ஓட்டல்... மறுநாள் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். யாரும் தேடியதில்லை. நிஜமாகவே ஓடிய எனக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவனுக்கா இந்தப் பெயர்?

ஆப்சென்ட் என்றால் ஆள் வரவில்லை. அப்ஸ்காண்டிங் என்றால் தப்பி ஓடிவிட்டான். இரண்டுக்கும் நடுவே ஒரு போன் கால்தான் தூரம்.

முருகனின் போனோ சுவிட்ச் ஆஃப்.

மறுபடி மறுபடி அடித்தாள். அதே பதிவுக் குரல். பாய் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. தம்பிமார் யாரும் இல்லை, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எந்த ஆபீசில் போய் நிற்பேன் என்று அவள் முணுமுணுத்தாள்.

மதியம் தாண்டி ரிங் போனது. எடுத்தான். அவள் போனைப் பாயிடம் நீட்டினாள். பாய் போனை வாங்கினார்.

“ஏலே, சட்டையை மாட்டிட்டு இப்பவே ஆபீசுக்குப் போ. நீயே போ. ஆள் விடாத.”

அவன் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. மாரியிடம் சொல்லியாச்சே என்றான். பாய் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது.

போனான். மேனேஜர் முன்னால் நின்றான். கேஸ் எழுதவில்லை.

நேற்று இசக்கிக்குக் காய்ச்சல். தறிக்கூடத்தில் நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு, தானே நடந்துபோய் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.