குதிகாலில் கட்டிய ரிப்பன்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே என் குதிகாலில் கருவேல முள் ஏறியது. வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகத் திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்க ரோடு வரை கருவேலங்காட்டுக்குள் நடக்க வேண்டும். "முள்ளு, பூச்சின்னு அழுதுக்கிட்டு வந்தே, அன்னைக்கே படிப்ப நிப்பாட்டிருவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

மறுநாள் கால் சிவந்து, கொதித்து, வீங்கியது. பாம்பு கடித்தவருக்கு விஷம் ஏறக்கூடாதென்று கட்டுப்போடுவதை ஊரில் பார்த்திருந்தேன். வீக்கமும் அப்படித்தான் ஏறும் என்று நினைத்து, பள்ளிக்கூட ரிப்பனைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, பாவாடையால் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டார். பாதம் நீலம் பாரித்திருந்தது.

"இதென்னத்தா, கன்னுக்குட்டியக் கட்டுன மாதிரி?"

"வீங்கக்கூடாதுன்னு கட்டுனேன்ப்பா."

"நல்லாக் கட்டுன போ. ரத்தம் எங்குட்டு வரும்?"

ரிப்பனை அவிழ்த்து, இடுப்பிலிருந்த முள்வாங்கியால் முள்ளைப் பிடுங்கினார். டவுனுக்குத் தூக்கிப்போய் எனக்கு ஊசியும் போட்டுக் கூட்டிவந்தார். நான் எதிர்பார்த்தபடியே அம்மா தொடங்கினாள்: "நாளையிலருந்து போக வேணாம்."

"அவ நடந்தாத்தான முள்ளு குத்தும்? நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

காலையில் என்னைத் தோளில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் ஊருக்கு ஸ்டாப் கிடையாது. துண்டை வீசினால், நிறுத்துவது டிரைவரின் மனசு. அன்று அப்பா துண்டை வீச, பஸ் வேகம் குறைந்து, உருண்டு, நின்றது.

இப்போது மதுரையில் ரத்தக்குழாயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறேன். திசுவில் அடிபட்ட இடத்தருகே குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை நீட்டுகிறது. ஓடிவரும் வெள்ளையணுக்கள் அவற்றில் பட்டு, வேகம் குறைந்து, உருண்டு, நின்று, சுவரின் இடுக்கு வழியே வெளியேறிக் கிருமியிடம் போகின்றன. அதை முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் துண்டுதான் ஞாபகம் வந்தது. நான் விரட்டப் பார்த்த வீக்கம், எனக்காக வந்திறங்கிய கூட்டம். ரிப்பனைக் கட்டி நான் மறித்தது அவர்கள் வரும் ரோட்டை.

இதெல்லாம் அன்று தெரியாது. நான் சீட்டில் உட்காரும்வரை, நின்றுவிட்ட பஸ்ஸுக்கு முன்னால் அப்பா துண்டை இறக்காமலே நின்றார்.

"யாருடி அது?" என்று சிரித்தாள் பக்கத்தில் இருந்த வகுப்புக்காரி.

தெரியாது என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.