நல்ல சேதி சொல்லப் போன சனிக்கிழமைகள்

சூடான இரும்பில் கூலன்ட் எண்ணெய் பட்டதும் எழும் அந்த வாசம்... நான் முதன்முதலில் டீச்சராகச் சேர்ந்த நடுநிலைப் பள்ளியை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறும். பெரியநாயக்கன்பாளையம் பக்கம். சுற்றிலும் லேத் பட்டறைகள். எட்டாம் வகுப்பில் நான் தமிழ் நடத்த நடத்த, ஜன்னல் வழியே மெஷினும் கூடவே பேசிக்கொண்டிருக்கும்.

சேர்ந்த மாதமே பெற்றோர் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் மூன்று பேர்.

"விடுங்க டீச்சர், இங்க எப்பவும் இப்படித்தான்" என்றார் கணக்கு எடுக்கும் அமுதா டீச்சர். சொன்னவர் முகத்தில் சலிப்பைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. எட்டாவது முடித்தால் ஹைஸ்கூல் ஐந்து கிலோமீட்டர். நேரத்துக்கு பஸ் கிடையாது. முந்தைய வருடம் முடித்த பெண்களில் பாதிப்பேர் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த வருடம் ஒன்பது பெண்கள். பெற்றோரிடம் பேசலாமென்றால் ஒருவரும் பள்ளிப் பக்கமே வருவதில்லை!

ஒரு சாயங்காலம் என் வகுப்புக் கோகிலாவின் அம்மா துளசிமணி எதிரே வந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் விடவில்லை, பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்க டீச்சர்... எம்புள்ள என்ன பண்ணிப்போட்டா?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ஒரு கட்டுரை எழுதியிருந்தா. அவ்வளவு நல்லா இருந்துச்சு, கிளாஸ் முழுக்கப் படிச்சுக் காட்டுனேன்."

"அப்புறமுங்க?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அவர் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். "பள்ளிக்கோடத்துல கூப்புட்டா திட்டறதுக்குத்தானுங்களே... அதனாலதான் நாங்க யாரும் வாரதில்லீங்க."

மறுநாள் அமுதா டீச்சரிடம் இதைச் சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சனிக்கிழமை உங்க ஸ்கூட்டில என்னையும் கூட்டீட்டுப் போங்க" என்றார்.

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல விஷயம். அது உண்மையாக இருக்க வேண்டும். புகார் கூடவே கூடாது. சில பிள்ளைகளிடம் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வாரம் முழுக்க உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது!

அமுதா டீச்சர் தயங்கியது ஒரே ஓர் இடத்தில்தான். லேத் ஓட்டும் நாச்சிமுத்து. மகளின் மார்க்குக்காக ஒருமுறை பள்ளிக்கே வந்து டீச்சரிடம் சத்தம் போட்டவர். அன்று பட்டறை வாசலில் நின்று டீச்சர் சொன்னார்:

"உங்க ரஞ்சிதா, நான் போர்டுல போட்ட கணக்குல தப்புக் கண்டுபுடிச்சுப்போட்டாளுங்க. அவ சொன்னதுதான் சரி."

அவர் மெஷினை நிறுத்தினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க டீச்சர்... அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க."

அடுத்த கூட்டத்தை, ஷிப்ட் முடிந்து வர வசதியாக, சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தோம். இடம் பத்தாமல் வராண்டாவிலும் நின்றார்கள். ஒன்பது பெண்களின் பேச்சை எடுத்தேன். முதலில் எழுந்தவர் துளசிமணி.

"கோகிலா ஒம்பதாவது போகட்டுமுங்க. ஆனா அத்தன தூரம் எப்படித் தனியா உடறது?"

பின்னாலிருந்து நாச்சிமுத்துவின் குரல். "வேலைக்கு ஆளுகள ஏத்தப் போற எங்க கம்பெனி வேன், காலைல அந்த வழியா காலியாத்தானுங்க போகுது. சாயங்காலம் ஆளுகள எறக்கி உட்டுப்போட்டு அதே வழிதான் திரும்பும். வாங்க, எல்லாருஞ் சேந்து மொதலாளியக் கேப்போம்."

மறுநாளே போனோம். பெற்றோர் பதினாலு பேர், நாங்கள் இருவர். முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இத்தன பேரு வந்து நின்னா நான் எப்படீங்க மாட்டேங்கறது?"

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, புது யூனிபார்மில் ஒன்பது பெண்களும் அந்த வேனில் ஏறினார்கள். ஒருத்திகூடக் குறையவில்லை. அமுதா டீச்சர் நடுரோட்டில் நின்று கைதட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன்... விசிலும் அடித்தார்.

இப்போது எனக்கு வேறு பள்ளி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நொடியில் எல்லாப் பெற்றோருக்கும் தகவல் போய்விடுகிறது. கட்டைவிரல்கள் வந்து குவிகின்றன. வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் என் வகுப்புக் குழந்தை ஒருத்தி முதல்முறையாக ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசித்து முடித்தாள். அவள் அம்மாவுக்கு மெசேஜ் டைப் பண்ணினேன்.

அனுப்பவில்லை. அழித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த முகத்தை நான் பார்க்க வேண்டாமா?