உதைக்காத துப்பாக்கி

என் வீட்டுக்காரர் ஆரின் டீக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எந்த வீட்டு வாசலில் எந்தப் பிள்ளை தூங்கி வழிந்துகொண்டு நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர். மிசௌரி மலைக்காட்டில், அதுவும் டீக் குடும்பத்தில், இப்படி ஒரு ஆள் எப்படிப் பிறந்தார் என்று கல்யாணமான புதிதில் எனக்கு ஆச்சரியம். பிறக்கவில்லை, ஆக்கிவிட்டார்கள் என்று போகப் போகத்தான் புரிந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வான்கோழி வேட்டைக்காலம் திறப்பதற்கு முந்தின வாரம் மீன் வறுத்துத் தின்ன எல்லாரும் மாமனார் பண்ணையில் கூடுவார்கள். அந்த வருஷம் முதன்முதலாகக் காட்டுக்குப் போகப்போகும் பிள்ளையைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திச் சுடச் சொல்வார்கள். இருப்பதிலேயே கனத்த தோட்டாவை அதற்குத் தெரியாமல் துப்பாக்கியில் போட்டிருப்பார்கள். வெடித்ததும் துப்பாக்கி பின்னுக்குத் தோளில் உதைக்கும், பிள்ளை மல்லாந்து விழும், இவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அதோடு பிள்ளை பெரிய ஆளாகிவிட்டதாம். பெண் பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது. அதில் மட்டும் சமத்துவம் வழிகிறது!

ஆரினுக்கு அது ஒன்பது வயதில் நடந்தது. மாட்டுக்குட்டைச் சேற்றில் விழுந்து அழுதாராம். அழுததற்கு இன்னொரு தரம் சிரித்தார்களாம். அன்றிலிருந்து, விசையை இழுக்கும்போது அவர் கண் தானாக மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் அண்ணன் கிளீட்டோடு காட்டுக்குப் போவார், வெறுங்கையோடு வருவார். "நம்ம ஆரினுக்குக் கைராசி இல்ல" என்பார் கிளீட். இவரும் தலையை ஆட்டுவார். கண் மூடுகிற விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை வேலிமேல் டப்பா வைத்துச் சுட்டபோது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன்.

எங்கள் மகள் டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகளுக்கென்று திறந்துவிடும் வேட்டைக்கு இந்த வருஷம் போயே தீருவேன் என்று பனிக்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். இவர் முகம் வெளுத்ததை நான்தான் பார்த்தேன்.

"போகட்டும் லொரீன். ஆனா அவளுக்கு உதைக்காத துப்பாக்கி வேணும். நான் பட்டது அவளும் படக்கூடாது" என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அதே நினைப்புதான். முதலில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். துடைப்பம் போல லேசு; சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தது என்றார்கள். தானே சுட்டுப் பார்த்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"லேசா இருந்தா தூக்கத்தான் வசதி. உதையை வாங்கிக்க அதுல கனமே இல்ல. மொத்தமும் தோளுக்கு வந்துடுது."

அடுத்து வந்தது நல்ல கனம். அது உதைக்கவில்லை, ஆனால் டெஸ்ஸா தூக்கினால் குழல் தரையைப் பார்த்தது. "அப்பா, நான் இதைத் தூக்கறனா, இது என்னை இழுத்துட்டுப் போகுதா?" என்றாள்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒன்று அமைந்தது. ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். உள்ளே இருக்கும் சுருள்வில் பாதி உதையை விழுங்கிவிடும். அவள் முழங்கை மடக்குக்கு அளந்து, பென்சிலால் கோடு போட்டு, பின்கட்டையை அறுத்துக் குட்டையாக்கினார். அதன் முனையில் தடித்த ரப்பர் வைத்தார். உள்ளே ஈய ரவை குறைவாக இருக்கும் தோட்டாக்களாகப் பார்த்து வாங்கினார். காகிதத்தில் வான்கோழித் தலையையும் கழுத்தையும் வரைந்து மரத்தில் குத்தி, துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் பதித்து, ரவை கழுத்தில் கொத்தாக விழும்வரை குழல் வாயில் திருகும் சின்னக் குழாயை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார்.

பிறகு டெஸ்ஸா பால் டப்பாக்களைச் சுட்டாள். டப்பா பறந்தது, அவள் குதித்தாள். இவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடல லொரீன்! ஒரு தடவைகூட மூடல!"

அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மீன் வறுவலுக்குத் துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டாம் என்றோம். "பெரியப்பாவுக்குக் காட்டணும்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. "காட்டு, அவ்வளவுதான். சுட வேண்டாம்" என்றார்.

கிளீட் அதைப் புரட்டிப் பார்த்தார். "என்னடா ஆரின், பின்னாடி தலகாணி எல்லாம் வச்சிருக்க! இது துப்பாக்கியா, தொட்டிலா?"

கூட்டம் சிரித்தது. டெஸ்ஸாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நல்லாச் சுடுவேன், பெரியப்பா!"

"அப்படிச் சொல்லு என் சிங்கம்! வா பின்னாடி."

"அண்ணே, வேணாம்ணே. சின்னப் பிள்ளை."

"நீ என்ன பெரிய பிள்ளையாவா இருந்த? நாங்கல்லாம் வாங்கலையா? செத்தா போயிட்டோம்?"

இவர் அடங்கிவிட்டார். நான் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவதற்குள், கிளீட் அவள் கையிலிருந்த தோட்டாவை வாங்கி, தன் பையிலிருந்த கனத்த தோட்டாவைப் போட்டுக் கொடுத்துவிட்டார். லேசான உதைக்கே பழகியிருந்த பிள்ளை கட்டையை அழுத்திப் பிடிக்கவில்லை. வெடித்ததும் அது தோளைவிட்டு எகிறி வாயில் இடித்தது. பொத்தென்று உட்கார்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம்.

மாமனார் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிளீட்டுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. டெஸ்ஸா அவர்களைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாய்விட்டு, மற்றவர்களைப் போலவே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளையைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். பாதி வழியில் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன் சிரிச்சீங்க?"

"தெரியல. வந்துடுச்சு."

பின்சீட்டில் அவள் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

வேட்டை திறந்த அன்று விடியலில், அம்மாவும் வந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். அவருக்கு அது தைத்தது, காட்டிக்கொள்ளவில்லை. காட்டு ஓரத்தில் துணிக்கூடாரத்துக்குள் மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அவர் மரப்பெட்டியை உரசிப் பெட்டை வான்கோழி போலக் கூப்பிட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சேவல் பதில் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, வாலை விரித்து, தலை சிவந்து, கல்லெறியும் தூரத்தில் நின்றது.

துப்பாக்கி தாங்கியின் மேல் இருந்தது. டெஸ்ஸா குறி பார்த்தாள். விரல் விசைக்குப் போனது. கண் மூடியது. திறந்தாள். மறுபடி மூடியது. அவள் அப்பாவும் அதைப் பார்த்தார்.

அவள் தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, தப்பிப் போச்சுன்னா சிரிப்பியா?"

அவர் கிசுகிசுக்கவில்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"இல்லடா கண்ணு. எனக்கு அன்னைக்குச் சிரிப்பே வரல. உங்க பெரியப்பாவுக்குப் பயந்து சிரிச்சேன். உன்னை மாதிரிதான் என்னையும் விழ வச்சாங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடறேன், இன்னைக்கு வரைக்கும்."

சத்தம் கேட்டு வான்கோழி வாலைச் சுருக்கிக்கொண்டு ஓடியது. மூன்று பேரில் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் இந்த மனுஷர் பேசிவிட்டார்!

டெஸ்ஸா யோசித்தாள். "இதைப் பெரியப்பாகிட்ட சொல்லுவியா?"

அவர் மரப்பெட்டியை மடியில் இப்படியும் அப்படியும் திருப்பினார். நான் காத்திருந்தேன். சொல்லுங்களேன், ஒரே ஒரு வார்த்தை, பொய்யாகவாவது சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவால்லப்பா" என்றாள்.